முதல் கியரும் நான்கு எலுமிச்சம்பழங்களும்

அத்தியாயம் 14

கெடு வைப்பதில் நல்லகண்ணுவை மிஞ்சச் சின்னமனூர் வட்டாரத்தில் ஆள் கிடையாது. களையெடுப்புக்குக் கெடு, வாய்க்கால் தண்ணீருக்குக் கெடு, கல்யாணப் பேச்சுக்குக் கெடு. போன வாரம் மூத்த மகன் சுரேஷ்கண்ணனின் காருக்கும் ஒரு கெடு வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனாரே, அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

கெடு இதுதான். பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும். அதற்குள் அந்தச் சிவப்பு எம்.ஜி. கார், யாரும் கைவைத்துத் தள்ளாமல், தன் இஞ்சின் பலத்திலேயே திராட்சைக் கொட்டகையை விட்டு வெளியே வர வேண்டும். வந்தால் வீட்டோடு இருக்கலாம். வராவிட்டால், குமுளி புரோக்கர் சொல்லி லாரியோடு வரும் கோட்டயத்துக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நாளைக்குத் திராட்சை வெட்டு. பெட்டி அடுக்கக் கொட்டகை வேண்டும்.

உமாதேவி காலையிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரேஷ்கண்ணனின் மனைவி. ஊரில் தையல் கடை வைத்திருப்பவள். அந்தக் காரின் சீட்டையும் மடக்குக் கூரையையும் தைத்தது அவள்தான்.

ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார் வந்த அன்று வாசலில் நின்று கத்தியவளும் அவள்தான். மேகமலையில் ஒரு எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்த புருஷனை, எஸ்டேட் கைமாறியதும் போகச் சொல்லிவிட்டார்கள். போகிற ஆளிடம், பழைய பங்களா ஷெட்டில் கிடந்த இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்கள். கூரை இல்லை. சீட்டுக்குள் எலி குடித்தனம். பின் ஆக்சில் என்ற சாமானே இல்லை, பின்பக்கம் செங்கல்மேல் நின்றது. இதையும் ஒரு மனுஷன் லாரி வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாரா?

வந்த பிறகு அவர் அதைத் தொடவும் இல்லை. யாரோடும் பேசவும் இல்லை. கோபம் கிடையாது, சண்டை கிடையாது. சாப்பிட்டீகளா என்றால் தலையாட்டல். கடைக்குப் போறேன் என்றால் தலையாட்டல். இப்படிப் பத்து மாதம். வீட்டுக்குள் ஒரு ஆள் இருந்தும் இல்லாமல் இருப்பது என்ன கொடுமை என்று உமாதேவி அந்தப் பத்து மாதத்தில் தெரிந்துகொண்டாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "உமா, இதுல ரெண்டு கார்ப்புரேட்டர் இருக்கு, தெரியுமா?"

அவ்வளவுதான் சொன்னார். அவள் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கே கட்சி மாறிவிட்டாள். அதற்கப்புறம் பதினாலு மாதம் உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்ததும் அவள்தான், பெயின்ட் கடையில் சண்டை போட்டுச் சிவப்பை மாற்றி வாங்கி வந்ததும் அவள்தான்.

கார் போனால் புருஷனின் பேச்சும் அதோடு லாரி ஏறிவிடும். அவள் பயம் அது ஒன்றுதான்.

இன்னொன்றும் அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இல்லாத பின் ஆக்சிலுக்குப் பதிலாக ஜீப் ஆக்சிலை மாட்டியது கொழுந்தன் விஜய்பாண்டியின் யோசனை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி இறங்கும் ஜீப் டிரைவர் அவன். உலகத்தில் எந்த வண்டிக்கு எந்தச் சாமான் இல்லாவிட்டாலும் ஜீப்பில் இருக்கிறது என்பது அவன் கட்சி. ஜீப் ஆக்சிலின், பல்சக்கரம் இருக்கும் நடு உருண்டை வலது பக்கம் ஒதுங்கியிருக்கும். இந்தக் காரில் இஞ்சினிலிருந்து அதற்கு வரும் ஷாஃப்டோ கொஞ்சம் இடது பக்கமாக வருகிறது. அண்ணனும் தம்பியும் அரை நாள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் ஆக்சிலை அப்படியே புரட்டிப் போட்டுப் பார்த்தார்கள். கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பிடிமானத்தை அறுத்து மறுபக்கம் வெல்டிங் வைத்து மாட்டிவிட்டார்கள். ஜாக்கியில் தூக்கி, இஞ்சினைப் போட்டு, கியரில் விட்டார்கள். சக்கரம் சுற்றியது. உமாதேவியோடு மூன்று பேரும் கைதட்டினார்கள்.

புதன்கிழமை அதற்கு எண்ணெய் ஊற்றியவள் உமாதேவி. ஊற்றும்போதே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. போன ஆடியில் விஜய்பாண்டியின் ஜீப்பில்தான் அவள் லைசென்ஸ் எடுத்தாள். அந்த ஜீப்புக்கு எண்ணெய் மாற்றும்போது, பழைய எண்ணெயை இறக்க அவன் அடியில் படுத்து மரையைக் கழற்றியதைப் பார்த்திருக்கிறாள். இங்கே அந்த மரை வானத்தைப் பார்த்திருந்தது. அடியில் வேறு ஒரு சின்னத் துளை, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது.

"தம்பி, இது தலைகீழா இருக்கோ?" என்று கேட்டாள்.

"மதினி, முன் பக்கம் பின் பக்கமெல்லாம் பிளவுஸுக்குத்தான். ஆக்சிலுக்கு ஏது?" என்றான் விஜய்பாண்டி.

சுரேஷ்கண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒழுகிய துளையில் துணி துவைக்கிற சோப்பை அப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

மணி ஒன்பதே முக்கால். கார் கொட்டகை வாசலைப் பார்த்து நின்றது. குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும், அதுதானே முறை. தெருவே கூடிவிட்டது. அடுத்த வீட்டுச் சந்தனம்மாள் தனக்கென்று ஒரு நாற்காலியே கொண்டுவந்துவிட்டாள்.

நல்லகண்ணு மட்டும் பத்தடி தள்ளிப் பம்புசெட் பக்கம் நின்றார். இந்தப் பதினாலு மாதத்தில் அவர் ஒரு தடவைகூடக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. காப்பி குடிக்கக் கூப்பிட வந்தாலும் வாசலோடு சரி. காரின் பின்பக்கத்தை அவர் ஏறிட்டுப் பார்த்து உமாதேவி கண்டதில்லை. அம்புட்டு வெறுப்பா ஒரு வண்டிமேல் என்று நினைத்துக்கொள்வாள்.

சூடம் ஏற்றினார்கள். சுரேஷ்கண்ணன் புதுச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஒரு இருமல் இருமி, பிறகு கணீரென்று பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அவர் உமாதேவியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார்.

கார் பின்னால் போனது.

சும்மா அல்ல, விறுவிறுவென்று போனது. பின்னால் நாலடி தள்ளி அடுக்கியிருந்த பிளாஸ்டிக் பெட்டிகளில் போய் முட்டி, பத்துப் பதினைந்து பெட்டிகளைத் தன் தலையிலேயே சரித்துக்கொண்டு, இஞ்சின் அணைந்து நின்றது. நான்கு எலுமிச்சம்பழமும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

"ரிவர்ஸைப் போட்டுட்டீகளாண்ணே?" என்று விஜய்பாண்டி கத்தினான்.

"இல்லடா, முதல் கியருதான்."

மறுபடி இஞ்சினைப் போட்டார். இரண்டாவது கியரில் விட்டார். மிச்சமிருந்த பெட்டிகளும் சரிந்தன.

கூட்டம் ஒரு நிமிஷம் மரியாதைக்குப் பொறுத்தது. பிறகு சிரித்துத் தீர்த்துவிட்டது. சந்தனம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "பூசை போட்ட வண்டி பின்னால போறது நல்லதுக்கில்ல ஆத்தா. வீட்டை விட்டுப் போறேங்குது" என்றாள்.

நல்லகண்ணு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. கோட்டயத்துக்காரர் வரட்டும்" என்றார். அதிலே சந்தோஷம் இருந்ததா என்று உமாதேவி பார்த்தாள். இல்லை. ஏதோ பாரம் இறங்கினாற்போல ஒரு மூச்சு விட்டார், அவ்வளவுதான்.

சுரேஷ்கண்ணன் காரை விட்டு இறங்கி, கவிழ்ந்து கிடந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். விஜய்பாண்டி என்னவோ கேட்டான். அவர் தலையாட்டினார். தண்ணி வேணுமாண்ணே என்றான். தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் உமாதேவிக்குத் தெரியும். இதை அவள் பத்து மாதம் பார்த்தவள். இன்னொரு தடவை பார்க்க அவளால் ஆகாது.

நேரே போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, என்னை நல்லா வைதுருங்க. நான் ஒண்ணு மறைச்சுட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"புதன்கிழமை எண்ணெய் ஊத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சுச்சு. அடியில இருக்க வேண்டிய மரை மேல இருந்துச்சு. அடியில ஒரு ஓட்டை ஒழுகுச்சு. நான் சோப்பை வச்சு அடைச்சுட்டேன். நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீக. அதைக் கெடுக்க மனசு வரலை."

சுரேஷ்கண்ணன் அவளையே பார்த்தார். விஜய்பாண்டிதான் சாக்கை விரித்து அடியில் நுழைந்தான். பிறகு உள்ளேயிருந்தே பேசினான்.

"அண்ணே, மேல இருக்க வேண்டிய மூச்சு விடுற ஓட்டைதான் அடியில வந்திருக்கு. ஆக்சிலைப் புரட்டுனோம்ல? அதோட உள்ள இருக்கிற பல்சக்கரமும் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிருச்சு. அதான் எல்லாம் எதிராச் சுத்துது. நாலு கியரும் இப்ப ரிவர்ஸு."

"ஜாக்கியில ஓட்டிப் பாத்தப்ப சுத்துச்சே" என்றாள் உமாதேவி.

"சுத்துச்சு மதினி. எங்கிட்டுச் சுத்துதுன்னு யாரு பாத்தா? கைதான் தட்டுனோம்."

"கழட்டி மாட்ட எம்புட்டு நேரம் ஆகும்?"

"ரெண்டு நாள்."

மணி பத்து பன்னிரண்டு. வெளியே கூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது. உமாதேவி எழுந்து காரைப் பார்த்தாள். அவள் கையால் தைத்த சீட்டில் சாமந்தி இதழ்கள் சிந்திக் கிடந்தன. கியர்க் கம்பியைப் பார்த்தாள். தையல்காரிக்கு உள்ளும் வெளியும் புரட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. துணியைத் தலைகீழாக வெட்டிவிட்டால் தூக்கி எறிந்துவிடுவாளா என்ன? அதைத் திருப்பி வைத்து எப்படித் தைக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்பாள்.

"ஏன் தம்பி, முன்னால போற கியரெல்லாம் பின்னால போகுதுன்னா, பின்னால போற கியரு என்ன செய்யும்?"

அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த விஜய்பாண்டியின் காலில் ஆட்டம் நின்றது.

முதலில் சிரித்தது சுரேஷ்கண்ணன். லேசாக ஆரம்பித்து, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஏலே பாண்டி, வெளிய வாடா. பெட்டியெல்லாம் ஒதுக்கு, வெரசா" என்றார். உமாதேவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கதவைத் திறந்துவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். "நீ ஏறு."

"நானா?"

"பின்ன? கண்டுபிடிச்சது நீ. நீதான் ஓட்டணும்."

"மோதிட்டா என்னங்க செய்ய?"

"ரெண்டு தடவை மோதியாச்சு. இன்னும் என்ன இருக்கு மோத?"

அவள் புடவையை ஒதுக்கி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். இஞ்சின் பிடித்தது. ரிவர்ஸ் கியரைத் தள்ளிப் போட்டாள். பழக்கதோஷத்தில் தலை பின்னால் திரும்பியது. "முன்னால பாருங்க மதினி, முன்னால" என்று விஜய்பாண்டி அலறினான். கிளட்சை விட்டாள்.

கார் முன்னால் நகர்ந்தது.

மெதுவாகத்தான், ஆள் நடக்கிற வேகத்தில்தான் வந்தது. இஞ்சின் முக்கியது, முனகியது, ஆனால் நிற்கவில்லை. பெட்டியில் முட்டி நின்ற இடத்திலிருந்து வாசல்வரை வந்து, முன் சக்கரம் இரண்டும் பழத்தின்மேல் ஏறின. சளுக்கென்று சாறு தெறித்தது. பின் சக்கரமும் தன் பங்கை நசுக்கியது. வெயில் பட்டதும் அந்தச் சிவப்பு பளீரென்று ஆனது. கலைந்து போன கூட்டம் திரும்ப ஓடிவந்தது. சுரேஷ்கண்ணன் ஒரு கையைக்கூட வண்டிமேல் வைக்காமல், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார், யாரும் தள்ளவில்லை என்று அப்பாவுக்குக் காட்ட.

கொட்டகைக்கு எதிரே இருந்த பிள்ளையார் கோயில்வரை போய் உமாதேவி நிறுத்தினாள். மணி பத்து இருபத்தைந்து. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவே மனம் வரவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் ஓட்டியதில்லை.

விஜய்பாண்டி அப்பாவிடம் வாதாடத் தயாராக வந்தான். "ரிவர்ஸ் கியருல வந்தாலும் வந்தது வந்ததுதானப்பா?"

"நான் எந்தக் கியருன்னு சொன்னேனா?" என்றார் நல்லகண்ணு. "தள்ளாம வரணும்னேன். வந்திருச்சு. வீட்டோட இருக்கட்டும்."

வாக்கு என்றால் வாக்குதான், அதில் அவர் யோக்கியர். ஆனால் சொல்லிவிட்டு அவர் வேஷ்டி நுனியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தார். கெடு முடிந்து வாக்கையும் காப்பாற்றிவிட்ட மனுஷனுக்கு இன்னும் என்ன கவலை என்று உமாதேவிக்கு விளங்கவில்லை.

பதினொன்றுக்கு வர வேண்டிய லாரி பத்தே முக்காலுக்கே வந்தது. முன்சீட்டிலிருந்து வெள்ளை முண்டு கட்டிய அறுபது வயதுக்காரர் ஒருவர் இறங்கினார். பெயர் குரியன் என்றார். கார் விற்பனைக்கு இல்லை என்று சுரேஷ்கண்ணன் பக்குவமாகச் சொன்னார். மனுஷர் கோபப்படவில்லை. நடந்த கதையைக் கேட்டுச் சிரித்தார். சும்மா ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன் என்று காரைச் சுற்றி வந்தவர், பின்னால் குனிந்து அடியில் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது ஜீப்போட ஆக்சில் அல்லே?"

"ஆமா சார். ஒரிஜினல் கிடைக்கலை. நாங்க பாக்கும்போதே செங்கல்லுமேலதான் நின்னுச்சு" என்றார் சுரேஷ்கண்ணன்.

"ஒரிஜினல் என்கிட்ட உண்டு."

சுரேஷ்கண்ணனும் அவர் பக்கத்தில் குனிந்தார்.

"முப்பத்தெட்டு வருஷமா என் ஷெட்டில இருக்கு. கிரீஸ் தேச்சு, சாக்கில சுத்தி வச்சிருக்கேன். எங்க அப்பச்சன் வாங்கினது. எம்.ஜி. காரோடதுன்னு தெரியும், எந்தக் காருன்னு மட்டும் தெரியாது. அந்தக் காரைத்தான் ஞான் தேடிட்டே இருக்கேன். நீங்க விக்க வேண்டாம். இது ரெண்டும் சேர்ந்தாப் போதும் எனக்கு."

"உங்க அப்பா யார்கிட்ட வாங்கினாக?" என்று கேட்டாள் உமாதேவி.

குரியன் எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே திரும்பினார். பம்புசெட் பக்கம் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். இரண்டு எட்டு முன்னால் போனார்.

"நல்லகண்ணு சேட்டன் அல்லே? என்னை ஓர்மையுண்டோ? குமுளியில, ஜீப்பில அந்த ஆக்சிலைச் சாக்கு மூடிக் கொண்டுவந்தீங்க. நல்ல மழை அன்னைக்கு."

அந்தக் காலத்தில் நல்லகண்ணு அதே எஸ்டேட்டில் ஜீப் டிரைவராக இருந்தவர் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மற்றது யாருக்கும் தெரியாது. சுரேஷ்கண்ணனும் விஜய்பாண்டியும் ஒரே நேரத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நல்லகண்ணு மழுப்பவில்லை. "ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு மூத்த மகனைப் பார்த்து, "நாந்தான்டா கழட்டிக் குடுத்தேன்" என்றார்.

உமாதேவி மாமனாரைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். பதினாலு மாதம் ஊர் ஊராக அந்த ஆக்சிலைத் தேடி அலைந்த மனுஷன். கோயம்புத்தூர், கொச்சி என்று எங்கெல்லாமோ கேட்டுப் பார்த்தவர். ஒவ்வொரு தடவை வெறுங்கையோடு வந்தபோதும், வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது புருஷன் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாரோ? கடவுளே, தலையாட்டாமல் இருக்கட்டும்.

சுரேஷ்கண்ணன் கையிலிருந்த துணியை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"ஏம்ப்பா?" என்றார்.

கேட்டுவிட்டார். வாயைத் திறந்து கேட்டுவிட்டார். உமாதேவி பிள்ளையார் கோயில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நல்லகண்ணு நேரே காரிடம் வந்தார். பின்பக்கமாகச் சுற்றி வந்து, அங்கே ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து, மருமகள் தைத்த சீட்டில் உட்கார்ந்தார்.

"வண்டியை எடு. போய்க்கிட்டே சொல்றேன்."

"ராகுகாலம் மாமா" என்றாள் உமாதேவி, அவளை அறியாமல்.

"இருக்கட்டும் ஆத்தா."

சுரேஷ்கண்ணன் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். தயங்கினார். "அப்பா, இது ரிவர்ஸ்ல மட்டுந்தான் முன்னால போகும். நடந்து போற மாதிரிதான் இருக்கும்."

"அதுதான் நல்லது. மெதுவாப் போ. சொல்றதுக்கு நேரம் வேணும்" என்றார் நல்லகண்ணு.